கறுப்பு அட்டைக்குள் தாராவி

மும்பைத் தமிழ்த் தெருக்கள் – 17

பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் மாட்டுங்கா ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ரூயா, கால்சா, பொதார் என்று அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பென் டிரைவோடு காத்து நிற்பார்கள். அச்சாகி வரும் தாள்களை அடுக்கித் தட்டி, கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு, மேலே தங்க எழுத்தில் கல்லூரியின் பெயரையும் மாணவரின் பெயரையும் பொறித்துக் கையில் கொடுப்பார்கள். மும்பை மாணவர்கள் இதை ‘பிளாக் புக்’ என்பார்கள். ஒரு பாடத்துக்காகச் செய்த ப்ராஜெக்டின் இறுதி வடிவம் இது.

மும்பைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. எதில் சேர்ந்தாலும் ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ படித்தாக வேண்டியிருந்தது. சாதி, மதம், பெண்கள், மனித உரிமை, சுற்றுச்சூழல் என்று அதில் வராத விஷயம் இருந்ததில்லை. கூடவே ஒரு ப்ராஜெக்ட். எந்தப் ப்ராஜெக்டானாலும் பாதிப் பேர் போன வருடத்து சீனியரிடம் கோப்பை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியர் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். வருடக் கடைசியில் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடைக்குப் போகிறது. நம் பிள்ளைகளின் படிப்பில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளில் பலர் தாராவி 90 அடி சாலையிலிருந்தும், சயான் கோலிவாடாவிலிருந்தும், செம்பூர் சீத்தா கேம்ப்பிலிருந்தும் வருகிறவர்கள். எழுதுவதற்கு அவர்களிடம் இருப்பது இந்த நகரத்தில் வேறு யாரிடமும் இல்லை.

வகுப்புக்கு எழுதும் கட்டுரையால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்கள் 1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்க வகுப்பில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன, எப்படி வளர்ந்தன என்பது பொருள். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டுப் போயிருந்த பீமராவ் அம்பேத்கர்தான் அந்த மாணவர்.

அந்தக் கட்டுரை கட்டப்பட்டிருக்கும் விதத்தை ஒவ்வொரு பி.ஏ. மாணவரும் ஒருமுறையாவது உட்கார்ந்து கவனிக்க வேண்டும். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைக்குச் சாதியைப் பற்றி எழுதிய நான்கு பேரின் வரையறைகளையும் எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது சரி, எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிறார். பிறகுதான் தன் வாதத்துக்கு வருகிறார்: சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண முறைதான் சாதியின் உயிர்நிலை. உடன்கட்டை, விதவைக்கு மறுமணத் தடை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அந்த வேலியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுகள். படித்ததை அவர் வெறுமனே ஒப்பிக்கவில்லை; படித்ததோடு வாதாடுகிறார். அடுத்த ஆண்டே அது ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அச்சேறியது. நூறாண்டு தாண்டியும் சாதியைப் பற்றிப் பேசுகிற யாரும் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியவில்லை. அத்தனைக்கும் அது ஒரு வகுப்புக் கட்டுரை.

தம் புத்தகங்களுக்காகவே இடம் ஒதுக்கி அம்பேத்கர் 1930-களில் கட்டிய ராஜகிருகம் என்ற வீடு தாதர் இந்து காலனியில் இருக்கிறது. ரூயா கல்லூரி வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் கிங் சர்க்கிள். மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறினாலும் மக்கள் வாயில் கிங் சர்க்கிள்தான். அங்கே நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. படித்து முடித்த பாடநூலைத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைக்காவது எடுத்துக்கொள்வார்கள். மேல்தட்டில் போட்டித் தேர்வுக் கையேடுகள். கீழே குனிந்து தேடினால் வரலாறும் இலக்கியமும் கிடைக்கும். புதுப் புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இதுதான் நூலகம்.

அப்படித் தேடும் ஒரு தாராவி மாணவருக்கு பாபுராவ் பாகுலின் கதைத் தொகுதி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 1930-ல் நாசிக் பக்கம் பிறந்த பாகுல், சிறுவனாக மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தவர். 1963-ல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதி மராத்தி தலித் இலக்கியத்தில் ஒரு திருப்பம். 2018-ல் ஜெர்ரி பின்டோ அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தை ஏறக்குறையப் பார்க்காமலே மராத்தியின் பெரிய எழுத்தாளரான அண்ணாபாவ் சாட்டேயும் இதே லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் 1944-ல் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவைத் தொடங்கியவர். லேபர் கேம்ப் தாராவியை ஒட்டிய பகுதி. தமிழ்ப் பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் கல்லூரிக்குப் போகிறார்கள். இலக்கியம் எங்கோ லண்டனிலோ புனேவிலோ நடப்பது என்று நினைத்திருந்த மாணவருக்கு, அது தன் சால் குடியிருப்புக்கு அடுத்த சாலில் நடந்திருக்கிறது என்று தெரியவரும் நாள் சாதாரண நாள் அல்ல.

தாராவியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள், படமெடுக்கிறார்கள், போகிறார்கள். சினிமாவோ கேட்கவே வேண்டாம். 1987-ல் ‘நாயகன்’, 2018-ல் ‘காலா’. ‘காலா’வுக்காகச் சென்னையிலேயே தாராவி செட் எழுப்பினார்கள். எல்லோரும் பார்த்துவிட்ட இந்த ஊரை அதன் பிள்ளைகள் பார்த்து எழுதுவது மட்டும் குறைவாக இருக்கிறது. காலா கில்லா என்ற பெயரை பஸ் போர்டில் தினமும் படிப்பவர்கள், அங்கே உள்ள கோட்டை 1737-ல் பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டப்பட்டது என்று கோட்டைச் சுவரிலேயே கல்வெட்டு சொல்வதைப் போய்ப் பார்த்ததில்லை. 1887-ல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலுக்கும், 1913-ல் எழுந்த பிள்ளையார் கோயிலுக்கும் பின்னால் திருநெல்வேலியிலிருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்தவர்களின் கதை இருக்கிறது. ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தன் ஊரைத் தானே ஆராய்வது மும்பைத் தமிழனுக்குப் புதிதும் அல்ல. கோலார் தங்க வயலில் பிறந்து 1963-ல் பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம், செம்பூருக்கு அப்பால் மான்குர்டு ஜனதா காலனியில் குடியேறினார். அவர் முதலில் தொடங்கியது குழந்தைகளுக்கான வகுப்புதான். குப்பை அள்ள யாரும் வராத காலனியில், அந்தக் குழந்தைகளையே ஆளுக்குக் கொஞ்சம் குப்பை கட்டி எடுத்துவரச் செய்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போடவைத்தார். குப்பை அள்ள ஆள் வந்தது. எழுபதாயிரம் பேர் வாழ்ந்த அந்தக் காலனியை அணுசக்தி மையத்துக்காக 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் இடித்தார்கள். மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். ‘எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறோம்’ என்ற கணக்கு மக்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அந்த அனுபவத்திலிருந்து அவர் கற்ற பாடம்.

1985-ல் உச்ச நீதிமன்றத்தில் நடைபாதைவாசிகள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஷீலா படேலின் ‘ஸ்பார்க்’ அமைப்பு பைகுல்லா பகுதி நடைபாதையில் சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. மறு ஆண்டு ஜோக்கினின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு தாராவியை எண்ணியது: 80,518 கட்டடங்கள், 1,06,045 குடும்பங்கள், 5,30,225 பேர். அரசுத் திட்டக்காரர்கள் வைத்திருந்த கணக்கைவிட இது வெகு அதிகம். எண்ணியவர்கள் பட்டதாரிகள் அல்லர், அங்கே குடியிருந்தவர்கள். ஜோக்கினுக்கு 2000-ல் மகசேசே விருது கிடைத்தது, 2018-ல் காலமானார்.

மக்களே தங்களைப் பற்றி ஆராய்வதற்குக் கோட்பாடாகப் பெயர் கொடுத்தவரும் பம்பாய்த் தமிழர்தான். 1949-ல் இங்கே பிறந்து, எல்ஃபின்ஸ்டனில் படித்து, அமெரிக்கா போய் உலகறிந்த மானுடவியலாளரான அர்ஜுன் அப்பாதுரை 2006-ல் எழுதிய கட்டுரையில் ஆராய்ச்சியை ஓர் உரிமை என்றார். தனக்குத் தெரியாததை முறையாகத் தேடித் தெரிந்துகொள்ளும் திறன் நிபுணர்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கக் கூடாது. அது இல்லாதவருக்கு இன்றைய உலகில் குடிமகனாக நிற்பதே கஷ்டம் என்பது அவர் வாதம். அவர் மும்பையில் நிறுவிய ‘புக்கார்’ அமைப்பு 2005-லிருந்து இளைஞர்களைக் குழுக்களாகச் சேர்த்து, அவர்களே தேர்ந்தெடுக்கும் பொருளை ஓராண்டு ஆராயவைத்தது. பட்டம் தேவையில்லை. கேள்வி கேட்கவும், குறிப்பெடுக்கவும், கேட்டதைச் சரிபார்க்கவும் பழக்கினார்கள். கல்லூரி ப்ராஜெக்ட் செய்ய வேண்டிய வேலையும் இதேதான். தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தன் சமூகப் பணி மாணவர்களை வாரத்தில் இரண்டு நாள் களத்துக்கு அனுப்புவதும் இதே நம்பிக்கையில்தான்.

களம் என்றால் தூரமாகப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். பேத்தி நோட்டோடு வந்து உட்கார்ந்தால் ஆச்சி முதலில் கேட்பது, “எதுக்குட்டி இதெல்லாம் கேக்க? சர்வேக்காரவுக அனுப்புனாவளா?” என்பதாகத்தான் இருக்கும். பயம் நியாயமானது. 2022-ல் தாராவி மறுகட்டுமானத் திட்டத்தின் ஏலம் அதானி குழுமத்துக்குப் போய், 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு, தாராவியில் எந்தக் கேள்வியும் வீட்டைப் பற்றிய கேள்விதான். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குக் காகிதம் இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நம்பிக்கை வந்த பிறகு டிரங்குப் பெட்டி திறக்கும். பிளாஸ்டிக் உறைக்குள், குடியிருப்புக்கு அடையாளமாக அரசு 1976-ல் கொடுத்த போட்டோ பாஸ், மடிப்பில் கிழிந்த ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில். போட்டோ பாஸில் கையில் பலகை பிடித்து நிற்பவர் தாத்தா, பக்கத்தில் ஆச்சி, இடுப்பில் அப்பா. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஆச்சி சொல்லத் தொடங்குவதைப் பேச்சு மாறாமல் எழுதிக்கொள்வது ஒரு கலை. தாதரில் இறங்கி வந்த முதல் ராத்திரி, சதுப்பில் மண் கொட்டி மேடாக்கியது, தென்னிந்தியருக்கு எதிரான கலவரங்களில் தமிழ் பேசினால் அடி விழுந்த அறுபதுகள்.

இப்படிக் கேட்பதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அம்பை இருக்கிறார். தமிழில் சிறுகதையாசிரியர், முனைவர் பட்டம் பெற்ற சி.எஸ். லக்ஷ்மி. 1988-ல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இதே மும்பையில் அவர் தொடங்கிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகம், பெண்களின் குரல்களையும் புகைப்படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஊரை விட்டு பம்பாய்க்கு வந்த இளைஞனின் மனம் எப்படி இருக்கும் என்று அறிய நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யும் ‘சதுரங்க குதிரை’யும் இருக்கின்றன. ஆச்சியிடம் கேட்கப் போகும் முன் இவற்றைப் படித்துவிட்டுப் போகிற மாணவருக்கு, எந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். படிப்பும் களமும் ஒன்றில்லாமல் ஒன்று நிற்காது.

ஒரு தடை உண்மையாகவே இருக்கிறது. ஆச்சி பேசுவது நெல்லைத் தமிழ். ப்ராஜெக்ட் எழுத வேண்டியது ஆங்கிலத்தில். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. ஆனால் கல்லூரிக்குள் நுழைந்ததும் அந்தத் தமிழுக்கு வேலை இல்லாமல் போகிறது. பேட்டியைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலச் சுருக்கம் கொடுக்க ஆசிரியர்கள் அனுமதித்தாலே போதும், இணையத்திலிருந்து நகலெடுக்கும் பழக்கம் பாதியாகக் குறையும். ஆச்சி சொன்னதை எந்த இணையதளத்திலிருந்தும் எடுக்க முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பத்தாவது முடித்த பிள்ளை ஆர்ட்ஸ் எடுக்கிறேன் என்றால், “காமர்ஸ் எடுத்தா பேங்க்ல சேரலாம்” என்று அதே மூச்சில் மடக்கிவிடாதீர்கள். சயான் தமிழ்ச் சங்கமும், தாராவியில் ஊர்ப் பெயரில் இயங்கும் நம் சங்கங்களும் ஆளுக்கோர் அலமாரி ஒதுக்கினால், ரத்திக் கடைக்குப் போகும் ப்ராஜெக்டுகளில் ஒரு பிரதியாவது அங்கே தங்கும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் போட்டோ பாஸ் இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்து வையுங்கள். பிறகு கல்லூரியில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் யாரென்று சொல்லிக்கொடுங்கள்.

(தொடரும்)