படிவமும் உழைப்பும்: இலண்டன் அம்புலன்ஸ் கணனிச் செயற்றிட்டம் பற்றிய ஒரு நோக்கு

நிறுவனங்களின் கணனிச் செயற்றிட்டங்கள் இன்று பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட மாதிரிப் படிவங்களின் துணையுடனேயே நடத்தப்படுகின்றன. செலவுக்கான நியாயம், காலத் திட்டம், இடர்ப் பதிவேடு, பொறுப்புப் பங்கீடு என யாவற்றுக்கும் கட்டங்கள் ஆயத்தமாக உள்ளன. நிரப்புவதே எஞ்சும் வேலை. இவற்றை வெறும் அலுவலகச் சடங்கென ஒதுக்குதல் தவறாகும். முன்னைய செயற்றிட்டங்களில் உழைத்தோர் பட்டறிந்தவையே இப்படிவங்களில் உறைந்துள்ளன. ஆயின், அவ்வநுபவம் உழைத்தோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, மேலிடத்துக் கட்டளையாக உருமாறி அவர்களையே வந்தடைகின்றது. சிந்தித்தலும் செய்தலும் இவ்வாறு வேறாக்கப்படுவதை ஹரி பிறேவர்மன் 1974 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

பிரித்தானிய அரசு தனது கணனிச் செயற்றிட்டங்களுக்கென 1989 இல் 'பிறின்ஸ்' என்னும் முறையை அறிமுகஞ் செய்தது. அம்புலன்ஸ் வண்டிகளை அனுப்பும் பணியைக் கணனியிடம் ஒப்படைக்க முற்பட்ட இலண்டன் அம்புலன்ஸ் சேவை இம்முறையையே கைக்கொள்ளத் தீர்மானித்தது. ஆனால், அதில் அநுபவம் உடைய எவரும் அச்சேவையில் இருக்கவில்லை என்பதை 1993 இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டிற்று. குறைபாடுகளைப் பதியும் படிவங்கள் நிரம்பின. 1992 ஒக்டோபர் 26 ஆம் திகதி முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியபோது, அவற்றுள் 81 குறைபாடுகள் தீர்க்கப்படாதிருந்தன. எழுதப்பட்டுவிட்டது என்பதே தீர்க்கப்பட்டுவிட்டது என்பதற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது போலும்!

எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதை அன்று கணனி தவறவிட்டது. ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சென்றன. வேறிடங்களில் நோயாளர் காத்துக் கிடந்தனர். காரணங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. முன்னர் கட்டுப்பாட்டறை ஊழியரும் வண்டி ஊழியரும் தமது நகர அறிவைக் கொண்டு அவ்வப்போது செய்துகொண்ட மாற்றங்களுக்குப் புதிய அமைப்பில் இடமிருக்கவில்லை. 1989-90 இல் நிகழ்ந்த நாடளாவிய அம்புலன்ஸ் ஊதியப் போராட்டத்தின் கசப்பும் ஆறியிருக்கவில்லை. வேலைமுறைகளைக் கணனி தானாகவே மாற்றிவிடும் என நிர்வாகம் நம்பியது. ஊழியரோ அதனைத் தமதெனக் கொள்ளவில்லை. அவர்களது அறிவுக்கு எப்படிவத்திலும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை என்பதே எமது கருத்தாகும்.

நவம்பர் 4 ஆம் திகதி அதிகாலை, நிரலொன்றில் கவனக்குறைவாக விடப்பட்ட சிறு பகுதி நினைவகத்தைச் சிறிது சிறிதாக நிரப்பியதால் அமைப்பு முற்றாக நின்றது. கட்டுப்பாட்டறை ஊழியர் மீண்டும் கடதாசியையும் பேனாவையும் கையிலெடுத்து வண்டிகளை அனுப்பத் தொடங்கினர்.