பித்தளைக் கீலும் இரும்புத் திருகாணியும்

கதவுக்குப் பித்தளைக் கீல் வாங்குகிறோம். விலை சற்று அதிகம்; எனினும் துருப்பிடிக்காது, பார்வைக்கும் அழகு. ஆனால் அதைப் பொருத்துகையில் கைக்குக் கிடைத்த இரும்புத் திருகாணிகளே முடுக்கப்படுகின்றன. கடலோர ஊர்களில் சில ஆண்டுகளுக்குள் கீல் அப்படியே இருக்க, திருகாணியின் தலை உதிர்ந்து கதவு தொங்கிவிடுவதுண்டு. அதே திருகாணி இரும்புக் கீலில் இன்னும் பல நாள் உழைத்திருக்கும்!

காரணம் யாது? உப்பு நீரில் இரும்பையும் செம்பையும் அமிழ்த்திக் கம்பியால் இணைத்தால் அது ஒரு மின்கலம். இரும்பின் திட்ட மின்வாய் அழுத்தம் −0.44 வோல்ட், செம்பினுடையது +0.34 வோல்ட். எலெக்ட்ரான்கள் இரும்பிலிருந்து செம்பை நோக்கி ஓடுகின்றன. இரும்பு அயனிகளாகக் கரைகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் கீலின்மீது மெல்லிய படலமாகப் படிந்தாலே போதும், இம்மின்கலம் வேலை செய்யத் தொடங்கிவிடும். 'பித்தளையில் துத்தநாகமும் உண்டே?' எனச் சிலர் கேட்கலாம். உண்டு; ஆயினும் உலோகக் கலவையாகிவிட்ட பித்தளை, இவ்வகையில் செம்பை ஒட்டியே நடந்துகொள்கிறது.

இதில் பரப்பளவின் பங்கு பெரிது. அகன்ற பித்தளைப் பரப்பில் நிகழும் வினைக்கு வேண்டிய எலெக்ட்ரான்கள் அனைத்தையும் சின்னஞ்சிறு திருகாணியே தரவேண்டியிருக்கிறது. அரிப்பு முழுவதும் ஓரிடத்தில் குவிகிறது. பெரிய இரும்புத் தகட்டில் சிறு பித்தளைத் திருகாணி இருந்தால் இத்தகைய ஆபத்து இல்லை. திருகாணித் தலைக்கு மட்டும் வர்ணம் பூசுவதும் பயன்தராது. வர்ணத்தில் கீறல் விழுந்தால் அரிப்பு அந்தக் கீறலில் குவிந்துவிடும். பூசுவதானால் பித்தளைக்கும் சேர்த்தே பூச வேண்டும்.

1886-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலைக்கும் இக்கதிதான். செப்புத் தகட்டுப் போர்வைக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே அரக்கில் தோய்த்த கல்நார் வைத்திருந்தார்கள். நாளடைவில் அது சிதைந்தது; இரும்பு வீங்கித் துருவேறியது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் பொருத்தினார்கள்.

ஆகவே பித்தளைக்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது. அலுமினியச் சட்டத்தில் பித்தளையைத் தொடவே விடக்கூடாது. கெடுவது அலுமினியமாகத்தான் இருக்கும். நாகமுலாம் பூசிய இரும்பில் மட்டும் நிலைமை நேர்மாறு. அங்கே துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. கம்பிகளைப் பற்றவைத்த இடத்தில் முலாம் எரிந்துபோவதால் அங்கே துத்தநாக வர்ணம் பூசுவது அவசியம்.

எவர்சில்வர் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்துத் திருப்தியடைபவர்கள் பலர். இச்சோதனையை நான் நம்புவதில்லை. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 வகையில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202 வகையிலும் ஒட்டாது. கடலோர வீடுகளின் வெளிப்புறத்திற்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வகையே தகுந்தது. ரசீதில் அந்த எண்ணை எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.