பெருநாள் சுவருக்குப் பழைய படச்சட்டங்கள்

பெருநாள் நெருங்கினால் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் திரைச்சீலை மாற்றுவதும் நமது தாய்மார்களின் வழக்கம். இதில் குற்றமில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளித்த அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்று அல்குர்ஆன் வினவுகிறது (7:32). அதற்கு முந்திய வசனமோ வீண்விரயத்தைக் கண்டிக்கிறது. இந்த இரண்டு வசனங்களுக்கும் இடைப்பட்டதாகவே நமது பெருநாள் அலங்காரம் இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அனுபவித்த நமக்கு, ஒரு நாள் மினுக்கத்துக்காகக் கடைச் சாமான்களை வாங்கிக் குவிப்பது அழகல்ல. குறைந்த செலவில் வீட்டை அழகாக்க ஒரு வழி, பழைய படச்சட்டங்கள். ஏறாவூருக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையே, வாவியை அண்டிய தன்னாமுனைப் பக்கத்தில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது, நல்ல மரத்தில் செய்த சட்டங்கள் பழைய சாமான் வியாபாரிகளின் கைக்கு வருவதுண்டு. சிறிது துடைத்தால் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. திரை அகற்றப்பட்டது, ஆனால் துணி வீசப்படவில்லை. அதையே வெட்டிச் சாய்மணைகளாக்கிக் கொண்டார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். ஆகாததை நீக்குவதும், மிஞ்சியதைப் பயன்படுத்துவதும் ஒரே சம்பவத்தில் நமக்குப் பாடமாகின்றன.

உள்ளே இருப்பது அமானிதம்

சகோதரிகளே! பழைய சட்டத்தை வாங்கியதும் பின் அட்டையைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு புகைப்படம் இருந்தால் அவசரப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள்.

நமது பகுதி எத்தனை இழப்புகளைக் கண்டது! 1978 நவம்பரில் சூறாவளி. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. நெடுங்காலம் நீடித்த யுத்தம். முஸ்லிம்களும் தமிழர்களும் உடுத்த உடையோடு வீட்டை விட்டு ஓடிய நாட்கள் பல. மகனின், தாயின் ஒரு படம்கூடக் கையில் எஞ்சாத குடும்பங்கள் உண்டு. உங்கள் கையிலிருக்கும் மங்கிய படம், யாரோ ஒரு தாய் தேடும் ஒரே படமாக இருக்கலாம்.

நிலம் வாங்கியவர் அதில் பொற்குடம் ஒன்றைக் கண்டு, “நான் வாங்கியது நிலத்தைத்தான்” என்று விற்றவரிடமே கொண்டுபோன சம்பவத்தை நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியதும் சட்டத்தைத்தான். ஆகவே வியாபாரியிடம் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த ஊர்ப் பள்ளிவாசலிலோ, கோயிலிலோ, தேவாலயத்திலோ விசாரியுங்கள். சுவரில் உருவப்படம் மாட்டுவதை நாம் தவிர்ப்பது வேறு; பிறருடைய பொருளை உரியவரிடம் சேர்ப்பது வேறு. முன்னது மார்க்கப் பேணுதல் என்றால் பின்னதும் மார்க்கமே.

பிற சமயத்தவரின் புனிதப் படம் இருந்தால் குப்பையில் எறியாமல் அயலவரிடம் கண்ணியமாகக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (6:108). இறைவசனமோ அரபுத்தமிழ் எழுத்தோ உள்ள பழைய தாள் கிடைத்தால், நன்றாக இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். இறைவசனம் சிதைந்திருந்தால் சுத்தமான இடத்தில் புதைக்கலாம்; எரித்தும் விடலாம்.

சுத்தம் செய்யும் முறை

மரத்தில் சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி அரித்திருக்கிறது. அதை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். துருப்பிடித்த ஆணிகளை மாற்றுங்கள். கண்ணாடியைக் கழற்றும்போது கையில் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

பழைய காலத்துப் பெயின்றில் ஈயம் கலந்திருக்கலாம். உரிந்து கொண்டிருக்கும் பெயின்றை மணற்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசு குழந்தைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பெரும் கேடு. அப்படிப்பட்ட சட்டத்தை வாங்காமலிருப்பதே நல்லது.

வாவிக்கரை வீடுகளில் ஈரக்கசிவு அதிகம். தாள் கண்ணாடியில் ஒட்டாதிருக்க, இரண்டுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி அட்டைக் கீற்று வையுங்கள். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்றோடும், பூஞ்சணம் பிடிக்காது.

எதை வைப்பது?

பெருநாள் தக்பீரைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் சொல்லி வையுங்கள். நோன்புப் பெருநாளில் பிறை கண்ட இரவின் மஃரிபிலிருந்து தொழுகை தொடங்கும் வரை அதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு மனதில் பதியும். உம்மாவின் பழைய சாரித் துண்டு, கைத்தறித் துணி, பன்பாயின் ஒரு பகுதி ஆகியவையும் சட்டத்துக்குள் அழகாக இருக்கும்.

இன்னொரு சட்டத்தில் குடும்பப் பெரியவர்களின் பெயர்களை எழுதுங்கள். மூத்தவாப்பா, மூத்தம்மா, அவர்களுக்கு முந்தியோர், 1990இலும் 2004இலும் நம்மை விட்டுப் பிரிந்தோர். உருவப்படம் வேண்டியதில்லை. பெருநாள் காலையில் பிள்ளைகள் அப்பெயர்களை வாசித்து துஆச் செய்தால், கப்றின் இடம் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். உறவுமுறை அறியாத இளையோருக்கு இன்னார் நமக்கு இன்ன முறை என்பதும் விளங்கும்.

ஆயத்துல் குர்ஸீயை மாட்டுவோர் அதை ஓதவும் வேண்டும். மாட்டினாலே போதும், காவல் கிடைத்துவிடும் என எண்ணுவது சரியல்ல. தொழும் இடத்தின் கிப்லாச் சுவரை வெறுமையாக விடுங்கள். கோலமிட்ட ஒரு போர்வை தொழுகையில் கவனத்தைத் திருப்பியதால் நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அலங்காரத்தில் மிச்சம் பிடித்த காசை ஸகாத்துல் பித்ருக்கு மேலதிகமாக, பெருநாளுக்குப் புத்தாடை இல்லாத அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். நமது சுவர் அழகாவதோடு அந்த வீட்டுப் பிள்ளையின் முகமும் மலரட்டும்.

அமானிதம் பேணி, அளவோடு மகிழும் பெருநாளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.