கைக்குழந்தையோட கப்பல் டூரா? புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

இன்ஸ்டாவைத் திறந்தால் யாரோ ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கப்பலின் மேல்தளத்தில் நின்று சூரிய உதயம் பார்க்கிறார். உடனே வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "ஏனுங்க, நாமளும் ஒருக்கா போலாமா?"

குண்டடம், தாராபுரம், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலைப் பார்ப்பதே ஒரு டூர்தான். அதிலும் கப்பலுக்குள்ளேயே மூன்று நாள் தங்குவது என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால், மடியில் ஒரு வயசுக் குழந்தை இருக்கும்போது இது சரியா வருமா?

வரும். கைக்குழந்தைக்காரர்களுக்குக் கப்பலில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. ஒரு தடவை பெட்டியைத் திறந்து அடுக்கினால் போதும், தினமும் ஹோட்டல் மாற வேண்டாம். சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். அதேசமயம், கரையை விட்டுக் கிளம்பியபிறகு மருந்துக்கடையும் கிடையாது, வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரும் கிடையாது. இந்த இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்கணும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து கப்பல் ஏறுவது?

தமிழ்நாட்டில் 'க்ரூஸ்' என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல். 1990-ல் கட்டப்பட்ட, 211 மீட்டர் நீளமுள்ள கப்பல் இது. ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்து கைமாறி, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பயணங்களைத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து வைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது.

இந்தக் கப்பல் சீசனுக்கு ஏற்ப துறைமுகம் மாறும். சில மாதங்கள் சென்னை, சில மாதங்கள் மும்பை, கொச்சி, லட்சத்தீவு பக்கம். அதனால் முதலில் தேதியைப் பார்த்துவிட்டு, பிறகு துறைமுகத்தை முடிவு செய்யுங்கள்.

குண்டடத்திலிருந்து கொச்சிதான் கிட்ட. திருப்பூரில் ரயில் ஏறினால் எர்ணாகுளம் போய்விடலாம். சென்னை என்றால் திருப்பூரில் இரவு ரயிலைப் பிடித்து விடிகாலையில் இறங்கலாம். ஆனால், கப்பலில் ஏற்றுவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். தூக்கம் கலைந்த குழந்தையோடு அரை நாள் எங்கே உட்காருவது? முந்தின நாளே போய் ஒரு ரூம் எடுத்துத் தங்குவது நல்லது. ரயில் தாமதமானாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று: நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த அந்தச் சேவை, சுமார் 4 மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்தே போகும் பயணம். தங்குகிற சொகுசுக் கப்பல் கிடையாது.

குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகணும்?

பெரிய சர்வதேசக் கப்பல் நிறுவனங்கள் பலவும் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 6 மாதம். தொடர்ந்து பல நாள் கரையே தொடாமல் போகும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். கப்பல் கிளம்பும் நாளில் குழந்தைக்கு அந்த வயது நிரம்பியிருக்கணும். புக் செய்யும் நாள் கணக்கில் வராது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி வேறு என்பதால், பணம் கட்டும் முன் உங்கள் கப்பலின் விதியைப் பாருங்கள்.

விதி 6 மாதம் என்று சொன்னாலும், 9 மாதம் முடிந்து தட்டம்மை - ரூபெல்லா முதல் ஊசி போட்ட பிறகு போவது கொஞ்சம் நிம்மதி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடம் அது. கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்து, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றில் அடுத்த குழந்தை இருக்கிறதா? 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள்.

தீபாவளி லீவா, பொங்கல் லீவா?

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு நீளமான லீவு கிடைப்பதும், போனஸ் கையில் வருவதும் தீபாவளிக்குத்தான். சிக்கல் என்னவென்றால், வடகிழக்குப் பருவமழையும் வங்கக்கடலில் புயலும் வருகிற காலமும் அதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பக்கம் கடல் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சிப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும்.

கைக்குழந்தையோடு போவதாக இருந்தால், போனஸ் பணத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, பொங்கல் லீவுக்கோ அதற்குப் பிறகு மார்ச்சுக்குள்ளோ போங்கள். கடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும் மாதங்கள் அவை.

பேப்பர் வேலையை முன்னாடியே முடிங்க

கப்பல் இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிவந்தால் அடையாள அட்டை போதும். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நீல நிற பால ஆதார் கிடைக்கும். இலங்கை, சிங்கப்பூர் என்று போனால் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறு குழந்தைகளுக்குத் தரும் பாஸ்போர்ட் 5 வருடம் செல்லும்.

இங்கேதான் பலர் மாட்டுவார்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதி ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். நம் ஊரில் பேர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால், பல சான்றிதழ்களில் பெயர் இருக்கும் இடம் காலியாகவே கிடக்கும். பிறந்த 12 மாதத்துக்குள் பெயரைப் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. அதை முதலில் முடியுங்கள், பாஸ்போர்ட் பிறகு.

பஸ் கணக்கும் இங்கே செல்லாது. மடியில் உட்காரும் குழந்தையாக இருந்தாலும் கப்பலில் அது ஒரு தலைக்கணக்கு. உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கணுமே! அதனால் குழந்தையின் பெயரையும் சேர்த்தே புக் செய்யணும். துறைமுகக் கட்டணம், சில நேரம் டிக்கெட்டும் உண்டு.

கேபின் எப்படி எடுப்பது?

ஜன்னல் இல்லாத உள்பக்கக் கேபின்தான் விலை குறைவு. ஆனால், பல கப்பல்களில் அது 150 சதுர அடி அளவுதான். நன்றாக இருட்டாக இருப்பதால் குழந்தை தூங்கும். பிரச்னை என்னவென்றால், குழந்தை பகலில் இரண்டு மணி நேரம் தூங்கும்போது, கூட இருப்பவரும் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருக்கணும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார். கொஞ்சம் கூடுதலாகப் பணம் போட முடிந்தால், ஜன்னலோ பால்கனியோ உள்ள கேபின் எடுங்கள்.

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. தியேட்டருக்கும் டிஸ்கோவுக்கும் நேர் கீழே உள்ள கேபினைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைக்கான தொட்டில் கட்டில் பல கப்பல்களில் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் புக் செய்யும்போதே கேட்டு வைக்கணும்.

பால்கனி எடுத்தால் ஒரே ஒரு விதி: கம்பி பக்கத்தில் நாற்காலி கிடக்கக் கூடாது, கதவு எப்போதும் பூட்டியிருக்கணும். 2019 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு சொகுசுக் கப்பலில், 11-வது தளத்தில் திறந்திருந்த ஜன்னல் வழியாக 18 மாதக் குழந்தை விழுந்து இறந்தது. போட்டோவுக்காகக்கூடக் குழந்தையைக் கம்பி மேல் உட்கார வைக்காதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர்

கேபினுக்குள் கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எதையும் அனுமதிப்பது அபூர்வம். தீப்பிடிக்கும் ஆபத்துதான் காரணம். வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் நல்ல ஃபிளாஸ்க் ஒன்று கொண்டுபோங்கள். வெந்நீரை உணவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் சமைத்த சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். பிரிக்காத பாக்கெட்டில் உள்ள குழந்தை உணவுக்குப் பெரும்பாலும் தடையில்லை. அமுச்சி அரைத்துக் கொடுத்த சத்துமாவைக் கொண்டுபோக ஆசை என்றால், நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு, பதிலை போனில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

டயப்பர், துடைக்கும் டிஷ்யூ, பால் பவுடர் எல்லாம் கணக்குக்கு மேல் இரண்டு நாளைக்குச் சேர்த்து எடுங்கள். கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. துணியைப் பற்றி திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லணுமா என்ன! உள்ளே ஏசி குளிரும், வெளியே வெயில் அடிக்கும். மெல்லிய காட்டன் பனியன் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கழற்றி மாட்டச் சுலபம்.

நீச்சல் குளமும் கிட்ஸ் கிளப்பும்

விளம்பரத்தில் பெரிதாகக் காட்டுவது இந்த இரண்டையும்தான். உங்கள் குழந்தைக்குக் கிடைக்காமல் போக வாய்ப்புள்ளதும் இதே இரண்டுதான்.

டயப்பர் போடும் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க பெரும்பாலான கப்பல்களில் அனுமதி இல்லை. நீச்சல் டயப்பர் போட்டாலும் அதே கதை. சில பெரிய கப்பல்களில் மட்டும் குட்டீஸுக்குத் தனித் தண்ணீர் விளையாட்டு இடம் உண்டு. கிட்ஸ் கிளப் பொதுவாக 3 வயதுக்கு மேல், டாய்லெட் பழகிய குழந்தைகளுக்குத்தான். 6 மாதத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் கட்டண நர்சரி, ராயல் கரீபியன், டிஸ்னி போன்ற நிறுவனங்களின் பெரிய கப்பல்களில் இருக்கிறது. 'குழந்தையை அங்கே விட்டுட்டு நாம ஷோ பார்க்கலாம்' என்பது உங்கள் திட்டம் என்றால், இதை முதலில் உறுதி செய்யுங்கள்.

லட்சத்தீவு போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரை வரை போகாது. நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறணும். ஸ்ட்ரோலர் உதவாது. நெஞ்சோடு கட்டும் கேரியர் இருக்கட்டும்.

வாந்தி, பேதி, காய்ச்சல்

ஒரு நல்ல செய்தி: 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கடல் ஆட்டத்தால் வரும் வாந்தி குறைவு. 2 முதல் 12 வயது வரைதான் அது அதிகம். கொடைக்கானல் பஸ்ஸுக்குப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் இருக்கும் ப்ரோமெத்தசின், 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் மூச்சையே அடக்கிவிடக் கூடியது.

கப்பலில் வேகமாகப் பரவுவது நோரோ வைரஸ். வாந்தியும் பேதியும் சேர்ந்து வரும். சானிடைசர் அதற்கு அவ்வளவாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டாயம் இருக்கட்டும். 6 மாதம் தாண்டி 2 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு, ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்துபோனாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே கப்பல் டாக்டரிடம் தூக்கிப்போங்கள்.

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால், பெரும்பாலும் அவர் குழந்தை மருத்துவர் இல்லை. கட்டணமும் தனி. கிளம்பும் முன் உங்கள் டாக்டரைப் பார்த்து, குழந்தையின் இப்போதைய எடைக்கு ஏற்ற காய்ச்சல் மருந்து அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடும் எடுங்கள். குழந்தைக்கு அடிக்கடி மூச்சுத்திணறலோ வலிப்போ வரும் என்றால், இந்த டூரைத் தள்ளிப்போடுங்கள்.

ஏறியதும் செய்ய வேண்டியது

கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் மூழ்கிய பிறகு இறுக்கமான விதி இது. 'குழந்தை தூங்குது' என்று தவிர்க்க முடியாது. அங்கேயே கைக்குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கப்பலில் ஏறும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதைத் தர வேண்டும் என்பது சர்வதேச விதி.

கடைசியா... லீவு யாருக்கு?

ஒரு வயசுக் குழந்தைக்கு இந்தக் கடல் ஞாபகம் இருக்கப்போவதில்லை. அதற்கு வாளித் தண்ணீரும் ஒன்றுதான், வங்கக்கடலும் ஒன்றுதான். அப்படியென்றால் இந்த டூர் உங்களுக்கானது. அதிலும், ஒரு வருஷமாக ராத்திரி முழுசாகத் தூங்காத அந்த அம்மாவுக்கானது.

வீட்டில் செய்த அதே வேலையை அவரே கப்பலிலும் செய்தால், அது லீவு இல்லை. இடம் மாறிய டியூட்டி, அதுவும் 150 சதுர அடிக்குள். அதனால் டிக்கெட் போடும்போதே ஷிஃப்டையும் போடுங்கள். காலையில் அப்பா, மதியம் அம்மா, ராத்திரி ஷோவுக்கு ஆளுக்கொரு நாள். முடிந்தால் அமுச்சியையோ அப்பத்தாவையோ கூட்டிப் போங்கள். ஆனால், அவர்களை ஆயா வேலைக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அவர்களுக்கும் இது முதல் கப்பலாக இருக்கும்.

முதல் தடவைக்கு இரண்டு ராத்திரிப் பயணம் போதும். இதையெல்லாம் யோசித்துவிட்டு 'இப்ப வேண்டாம், பாப்பாவுக்கு மூணு வயசு ஆகட்டும்' என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான். கிட்ஸ் கிளப்புக்கும் குளத்துக்கும் வழி திறப்பது அப்போதுதானே! கப்பல் அன்றைக்கும் ஓடும்.