பென்சிலில் எழுதிய எண்

ஓவியக் கூடங்களில் விற்பனைக்கு வரும் சில படங்களின் கீழ்விளிம்பில், இடப்பக்கம் 17/50 என்பதுபோல் ஓர் எண்ணும் வலப்பக்கம் ஓவியரின் கையெழுத்தும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். மொத்தம் 50 பிரதிகள், அவற்றில் இது பதினேழாவது என்று பொருள். லிமிடெட் எடிஷன் என்று விற்கப்படும் இந்த அச்சுப்படங்களுக்கும் சாதாரண போஸ்டருக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். காகிதமும் மையும்தானே, ஓர் எண்ணைப் போட்டதற்கா இவ்வளவு காசு என்று கேட்பவரைக் கலை தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. பல நேரங்களில் அவர் கேட்பது நியாயம்தான். எல்லா நேரங்களிலும் அல்ல. எந்த இடத்தில் அந்தக் கேள்வி செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதை பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் நன்றாகவே புரியும். நீச்சல்குள ஓவியங்களால் உலகப்புகழ் பெற்றவர் என்றாலும், அச்சைத் தன் இரண்டாம்தர வேலையாக அவர் ஒருபோதும் நினைத்ததில்லை.

1937இல் பிராட்ஃபோர்டில் பிறந்த ஹாக்னி, 1959இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அச்சுக்கலைக்குள் அவரைத் தள்ளியது வறுமை. வண்ணம் வாங்கப் பணமில்லை. கல்லூரியின் அச்சுத்துறையிலோ தகடும் மையும் இலவசம். 1961இல் அவர் செய்த முதல் எட்சிங்கின் தலைப்பு ‘நானும் என் நாயகர்களும்’. நாயகர்களில் ஒருவர் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன், இன்னொருவர் நம் காந்தி. எட்சிங் என்பது ஓவியத்தைப் படமெடுத்து அச்சடிப்பதன்று. செப்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் அதைக் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால், மெழுகு விலகிய இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் கோடுகள் காகிதத்தில் ஏறும். தகட்டில் வரைந்தது காகிதத்தில் இடவலம் மாறித்தான் விழும் என்பதால், வரையும்போதே ஓவியர் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ‘அசல் ஓவியம்’ என்று ஒன்று எங்கும் மாட்டியிருக்கவில்லை. 50 பிரதிகள் எடுத்தால் 50ம் அசல்தான்.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. ஓர் அச்சுப்படத்தை வாங்கத் தக்கதாக்குவது எண்ணிக்கை அல்ல. அச்சிலேயே பிறந்த படமா, வேறொரு படத்தின் நகலா என்பதுதான். ஹாக்னியின் ‘ஓர் ஊதாரியின் கதை’ என்ற 16 எட்சிங்குகளின் வரிசை 1961 முதல் 1963 வரை உருவானது. 50 பிரதிகளாக வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் இதே பெயரில் செய்த எட்டுப் படங்களின் கதையை, நியூயார்க்குக்குப் போன ஓர் இளைஞனின் கதையாக ஹாக்னி மாற்றியிருந்தார். எண்ணிக்கை முக்கியமல்ல என்பதற்கு ஹோகார்த்தும் ஒரு சாட்சி. தன் படங்களைத் திருட்டு அச்சடித்து விற்றவர்களால் நொந்துபோனவர் அவர். அச்சுப்படங்களுக்குக் காப்புரிமை தரும் சட்டம் 1735இல் நடைமுறைக்கு வரும்வரை தன் ஊதாரிப் படங்களை வெளியிடாமல் காத்திருந்தார். அவர் பிரதிகளுக்கு எண் போட்டவரில்லை. கேட்டவருக்கெல்லாம் அச்சடித்து விற்றவர். அதனால் அவர் அச்சுகள் கலையாகாமல் போய்விடவில்லை.

ஹாக்னி பின்னாளில் கையில் கிடைத்த ஒவ்வொரு கருவியையும் இப்படித்தான் நடத்தினார். லாஸ் ஏஞ்சலஸின் ஜெமினி அச்சுக்கூடத்தில் 1973இல் செய்த ‘மழை’ என்ற லித்தோகிராஃபில், அதாவது கல்லச்சில், மையையே நீராக ஒழுகவிட்டார். பாரிஸில் பிக்காசோவுக்கு அச்செடுத்துக் கொடுத்த ஆல்டோ கிரோமெலிங்கிடம் வண்ண எட்சிங் நுட்பத்தைக் கற்றார். 1986இல் அலுவலகங்களில் இருக்கும் சாதாரண நகலெடுக்கும் எந்திரத்தையே அச்சு எந்திரமாக்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தாளில் வரைந்து, ஒரே காகிதத்தைத் திரும்பத் திரும்ப எந்திரத்துக்குள் செலுத்தி நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். முழுப்படம் அந்தக் கடைசிக் காகிதத்தில்தான் முதன்முதலாகத் தோன்றும். நகலெடுக்கவே பிறந்த எந்திரத்திலிருந்து நகலில்லாத படத்தை வாங்கியது, அவருடைய குறும்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்கடுத்த ஆண்டு அவர் செய்தது, எண்ணிக்கையைக் கும்பிடுபவர்கள் பதில்சொல்லத் திணற வேண்டிய காரியம். தன் ஊரின் ‘டெலிகிராஃப் அண்ட் ஆர்கஸ்’ நாளிதழுக்காக 1987இல் ஒரு படம் செய்தார். நாளிதழின் அச்சு எந்திரத்துக்கென்றே நிறம் நிறமாகப் பிரித்து வரைந்தது. பேப்பர் வாங்கியவர் எல்லோர் கையிலும் ஒரு ஹாக்னி அசல் வந்து சேர்ந்தது. எண்ணில்லை, வரம்பில்லை. அது கலை இல்லை என்று சொல்ல யாரிடமாவது காரணம் இருக்கிறதா?

மறுபக்கத்தையும் பார்க்கலாம். எண்ணும் கையெழுத்தும் கச்சிதமாக இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாமல் போனதற்குப் பெரிய உதாரணம் ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி. எதுவும் அச்சாகாத வெற்றுத் தாள்களிலேயே அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1974இல் பிரெஞ்சு அதிகாரிகள் மடக்கிய ஒரு வண்டியில் அப்படிப்பட்ட தாள்கள் சுமார் 40,000 இருந்தன. அந்தத் தாள்களில் பிறகு எவர் எதை அச்சடித்தாலும் அது ‘கையெழுத்திட்ட டாலி’. அவருடைய அச்சுகளின் சந்தை இன்றுவரை சந்தேகத்தின் நிழலில்தான் இருக்கிறது. டாலியளவுக்குப் போகாவிட்டாலும், கித்தான் ஓவியத்தை உயர்தர கேமராவில் எடுத்து, இங்க்ஜெட்டில் அச்சடித்து, ‘ஜிக்லே’ என்ற பிரெஞ்சுப் பெயரைச் சூட்டி எண்போட்டு விற்பதும் அதே ஏணியில் ஒரு படிதான். அழகாக இருக்கலாம், பார்த்து மகிழலாம், வீட்டில் மாட்டலாம். ஆனால் அது நல்ல காகிதத்தில் அடித்த போஸ்டர்.

எண்ணிக்கைக்கு வக்காலத்து வாங்குபவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஊசியால் நேரடியாகச் செம்பில் கீறும் டிரைபாயிண்ட் முறையில் சில டஜன் பிரதிகளிலேயே கோட்டின் மென்மை மழுங்கிவிடும். அங்கே வரம்பு என்பது உலோகத்தின் இயல்பு. வரம்பு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறி அதைச் செல்லாததாக்குவது வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது. ஒரு படைப்பு மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கும் ஒரு பங்கு தர, பிரிட்டனில் 2006இல் வந்த மறுவிற்பனை உரிமைச் சட்டமும், ஓவியரோ அவர் அனுமதி பெற்றவரோ வரையறுத்த எண்ணிக்கையில் எடுத்த பிரதிகளைத்தான் படைப்பாக ஏற்கிறது. ஆனால் சட்டம் உரிமைத்தொகைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், அதற்கு எண்ணக்கூடிய ஒரு பொருள் தேவை. எண்ணிக்கை வாங்குபவருக்கு ஓர் உத்தரவாதம், அவ்வளவே.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஹாக்னியின் ஐபேட் படங்களைப் பற்றியது. யார்க்‌ஷரில் வசந்தம் வருவதை 2011இல் அவர் ஐபேடில் வரைந்து, காகிதத்தில் அச்சிட்டு, எண்ணிட்டு விற்றார். அதுவும் இங்க்ஜெட்தானே, ஜிக்லேயைப் பழித்துவிட்டு இதை எப்படி ஏற்பது? எந்திரம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் பின்னால் வேறு ஓவியம் எதுவுமில்லை. வெளிச்சத்தாலான அந்தப் படத்துக்குக் காகிதத்தில் உடல் கிடைப்பது அச்சில்தான். எனவே அது அசல். ஒரே ஒரு பலவீனம் உண்டு. கோப்பு தேய்வதில்லை, தகட்டைப்போல் கீறியும் காட்ட முடியாது. இனி அச்சிடமாட்டோம் என்ற சொல்லை நம்பித்தான் வாங்க வேண்டும்.

சாமானியர் வீட்டுக்கும் கலையைக் கொண்டுசேர்க்கப் பிறந்த அச்சு, இன்று பணக்காரர்களின் முதலீடாகிவிட்டதே என்ற குறையும் உண்மை. ஹாக்னியின் பழைய எட்சிங்குகள் இன்று எளியவர் நெருங்கக்கூடிய விலையில் இல்லை. ஆனால் அச்சால் யாருக்கு வருமானம் என்றும் பார்க்க வேண்டும். அவருடைய 1972ஆம் ஆண்டு நீச்சல்குள ஓவியம் ஒன்று 2018 நவம்பரில் நியூயார்க்கில் 9.03 கோடி டாலருக்கு ஏலம்போனது. வாழும் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை கிடைத்த உச்ச விலை. அமெரிக்காவில் மறுவிற்பனை உரிமை கிடையாது என்பதால் அதில் ஓவியருக்குப் பங்கில்லை. கித்தானை ஒருமுறைதான் விற்க முடியும். அச்சின் ஒவ்வொரு பிரதியின் முதல் விற்பனையிலும் ஓவியருக்குக் காசு வரும். ஊதாரிப் படங்கள் விற்ற பணம்தான் 1964இல் அவர் கலிஃபோர்னியா போக உதவியது. நீச்சல்குளங்களை அவர் வரைந்தது அங்கே போனபிறகு.

ஆகவே லிமிடெட் எடிஷன் என்று யாராவது நீட்டினால், எத்தனையாவது பிரதி என்பதைக் கடைசியில் கேளுங்கள்; கையெழுத்திடும்போது போடுகிற எண் பெரும்பாலும் அச்சடித்த வரிசையைக்கூடக் காட்டாது. இதற்கு மூல ஓவியம் வேறு இருக்கிறதா, தகட்டிலோ கல்லிலோ வரைந்தது ஓவியரின் கைதானா, எந்த அச்சுக்கூடம், எண்ணிக்கைக்கு வெளியே ஓவியர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதிகள் எத்தனை, தகடு என்னவாயிற்று என்று முதலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் மழுப்பினால், படம் பிடித்திருக்கும்பட்சத்தில் போஸ்டருக்குரிய விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.