அவசியம் எதனைச் சார்ந்தது? – மன்திக் கலை தரும் ஒரு தெளிவு

‘இறைவன் அறிந்தது நடந்தே தீரும், என் செயலை இறைவன் அறிந்திருக்கிறான், எனவே என் செயல் தவிர்க்க இயலாதது, எனக்கு விருப்புரிமை இல்லை.’ விதியைப் பற்றிய உரையாடல்களில் எழும் இவ்வாதம் பலரைத் திகைக்க வைக்கிறது. இதனை நிறுத்துப் பார்க்கும் தராசு, கடினமானதென்று மாணவர்கள் அஞ்சும் ‘முவஜ்ஜஹாத்’ பகுதியில் உள்ளது.

ஒரு பயனிலை தன் எழுவாய்க்கு அவசியமாகப் பொருந்துகிறதா, என்றென்றுமா, எப்போதேனுமா, பொருந்தக்கூடும் என்ற அளவிலா என்பதைக் காட்டுவதே ‘ஜிஹத்’. சிறுகூற்று (ஸுக்ரா), பெருங்கூற்று (குப்ரா) ஆகிய இரண்டின் ஜிஹத்களிலிருந்து முடிவின் ஜிஹத்தைப் பெறுவது எவ்வாறு? பெருங்கூற்று மட்டும் அவசியமாயிருந்தாலும் முதல் வடிவத்தில் முடிவு அவசியமாகும் என்றார் அரிஸ்டாட்டில். அவருடைய மாணவர் தியோஃபிராஸ்டஸோ, இரண்டில் வலுக்குறைந்ததையே முடிவு பின்பற்றும் என மறுத்தார்.

இப்னு ஸீனா (980–1037) இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்தினார். அவசியம், பொருளின் உள்ளமையை (தாத்) சார்ந்திருக்கலாம். அது ஏற்ற பண்பை (வஸ்ஃப்) சார்ந்தும் இருக்கலாம். ‘மனிதர் ஒவ்வொருவரும் அவசியமாக உயிரினம்’ என்பது முதல்வகை. ‘ஓடுபவர் ஒவ்வொருவரும், ஓடும் வரையில், அவசியமாக அசைபவர்’ என்பது இரண்டாம் வகை. ஓட்டம் நின்றால் அந்த அவசியமும் நீங்கும்.

13ஆம் நூற்றாண்டில் நஜ்முத்தீன் அல்காத்திபீ இயற்றிய ‘அஷ்ஷம்ஸிய்யா’ 13 வகைக் கூற்றுகளை ஆய்கிறது. முதல் வடிவத்தில் அவற்றை இணைத்தால் 169 சேர்க்கைகள் கிடைக்கும். ஆனால் சிறுகூற்று ‘ஃபிஃலிய்யா’வாக, அதாவது உண்மையில் நிகழ்வதாக, இருத்தல் வேண்டும். ஒரு தொழுவத்தில் எக்காலத்தும் மாடுகளே அடைக்கப்படுவதாகக் கொள்வோம். ‘ஆடு ஒவ்வொன்றும் இத்தொழுவத்தில் அடைக்கப்படக்கூடும், இதில் அடைக்கப்படுவது ஒவ்வொன்றும் அவசியமாக மாடு’ என்னும் இரண்டும் உண்மையே. எனினும் ஆடு மாடாகக்கூடும் என்ற முடிவு பிறவாது. ஆகவே சிறுகூற்று ‘மும்கினா’வாக வரும் 26 சேர்க்கைகள் நீங்க, எஞ்சுபவை 143.

இவற்றுக்கான விதி, சில நுட்பங்கள் நீங்கலாக, இதுவே: பெருங்கூற்று பண்பைச் சாராததாயின் முடிவு அதன் ஜிஹத்தையே பெறும், பண்பைச் சார்ந்ததாயின் சிறுகூற்றின் ஜிஹத்தைப் பெறும். ‘ஓடுபவர் சிலர் மனிதர், மனிதர் ஒவ்வொருவரும் அவசியமாக உயிரினம்’ என்றால், அவர்கள் ஓடாதபோதும் அவசியமாக உயிரினமே. ‘மனிதர் சிலர் ஒருநேரம் ஓடுகின்றனர், ஓடுபவர் ஒவ்வொருவரும், ஓடும் வரையில், அவசியமாக அசைபவர்’ என்றாலோ, அவர்கள் ஒருநேரம் அசைகின்றனர் என்பதற்கு மேல் எதுவும் பெறப்படாது.

இனி முதலில் கண்ட வாதத்துக்கு வருவோம். ‘இறைவன் அறிந்தது, அறியப்பட்டதாயிருக்கும் வரையில், அவசியமாக நிகழும்’ என்பது பண்பைச் சார்ந்த பெருங்கூற்று. எனவே முடிவு சிறுகூற்றையே பின்பற்றும். இறையறிவு என்றுமுள்ளதாயிற்றே எனில், ஆம். அதனால் சிறுகூற்று ‘தாயிமா’ (நிரந்தரம்) ஆகுமே தவிர, ‘ளரூரிய்யா’ (அவசியம்) ஆகிவிடாது. செயல் தன்னளவில் ‘மும்கின்’. அறியப்படுதல் அதன் உள்ளமையை மாற்றுவதில்லை. மேலும், அடியான் தன் விருப்பத்தால் செய்வதை, விருப்பத்தால் செய்வதாகவே இறைவன் அறிகிறான்.

கத்ர் குறித்த எல்லா வினாக்களுக்கும் இது விடையன்று. இந்த ஒரு வாதம் அம்முடிவைத் தராது என்பதையே காட்டுகிறது. ‘நடந்தே தீரும்’ என ஒருவர் கூறும்போது, ‘எது இருக்கும் வரையில்?’ என்று கேட்கப் பழகிவிட்டால், மன்திக் கற்றதன் பயனை அடைந்தவராவோம்.