பழைய காரின் சூட்டுக் கதவு

பிளிமத் வேலியன்ட், டாட்ஜ் டார்ட் கார்களில் இருந்த 'ஸ்லான்ட் சிக்ஸ்' இன்ஜினை லேசில் சாகாத இன்ஜின் என்பார்கள் அமெரிக்க மெக்கானிக்குகள். கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாடல்களில் கொண்டுவந்த இந்த இன்ஜினின் ஆறு சிலிண்டர்களும் 30 டிகிரி சாய்ந்து நிற்கும். லட்சக்கணக்கான மைல் ஓடியும் சளைக்காத இந்த இன்ஜினையே திணற வைக்கும் சின்னப் பாகம் ஒன்று அதில் உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் ஒரு ஷாஃப்டில் திரும்பும் இரும்புத் தட்டுதான் அது. பெயர், வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு.

எக்ஸாஸ்ட் குழாயில் சூட்டை எதற்குக் கட்டுப்படுத்த வேண்டும்? பதில் கார்புரேட்டரில் இருக்கிறது. கார்புரேட்டர் பெட்ரோலைத் துளித்துளியாகக் காற்றில் கலக்கிறது. அந்தத் துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கின்றன. காற்றில் ஈரமும் இருந்துவிட்டால், வெளியே 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே கார்புரேட்டருக்குள் பனி கட்டும். குளிர்ந்த இன்டேக் மேனிஃபோல்டின் சுவரில் பெட்ரோல் ஈரமாகவே ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போதிய ஆவி போகாமல் இன்ஜின் மிஸ்ஸாகும், பிக்கப் இருக்காது.

இதற்கு அந்தக் காலப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. வீணாக வெளியேறும் புகையின் சூட்டையே வேலைக்கு அமர்த்தினார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு சுருள் ஸ்பிரிங் வால்வுத் தட்டை மூடிப் பிடிக்கும். நேராக சைலன்சருக்குப் போக வேண்டிய சூடான புகை மேலே திரும்பி, கார்புரேட்டருக்கு அடியிலுள்ள மேனிஃபோல்டின் அடித்தளத்தைச் சுடவைக்கும். அந்த ஸ்பிரிங், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்தது. சூடேறியதும் அதன் பிடி தளரும். ஷாஃப்டின் நுனியிலுள்ள எடையும் புகையின் வேகமும் சேர்ந்து தட்டைத் திறந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், டிரைவரின் கையும் வேண்டாம். வி-8 இன்ஜின்களில், மூடிய வால்வு ஒரு பக்கத்துப் புகையை இன்டேக் மேனிஃபோல்டின் நடுவிலுள்ள வழியாக மறுபக்கம் அனுப்பும். வில்லிஸ் ஜீப்பிலும் இப்படி ஒரு வால்வு இருந்தது.

தொல்லை, அது இருக்கும் இடத்தில்தான். பல நூறு டிகிரி சூடு, கரி, புகையோடு வரும் நீராவி எல்லாம் அந்த ஷாஃப்டைச் சுற்றியே. பக்கத்துக் கடைவரை மட்டும் போய்வரும் காரில் ஈரம் காய நேரம் கிடைப்பதில்லை. துருவும் கரியும் சேர்ந்து ஷாஃப்டை இறுக்கிவிடும்.

மூடியபடி இறுகினால் சூடு ஓயாமல் மேலே போகும். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும், புகை போக வழி குறைந்து சக்தி விழும். திறந்தபடி இறுகினால் காலை ஸ்டார்ட்டுக்குப் பின் இன்ஜின் வெகுநேரம் தடுமாறும், மைலேஜும் குறையும். அனுபவமில்லாதவர்கள் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, குற்றவாளி கீழே உட்கார்ந்திருப்பான்.

சோதிப்பது எளிது. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கையில் வெளியே தெரியும் எடையைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்பி, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தால் வால்வு நலம். அசையவே இல்லையென்றால் ஷாஃப்டின் இரு முனைகளிலும் துரு நீக்கும் திரவத்தை விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். இதற்கென்றே ஒரு கரைப்பானை கிரைஸ்லர் தன் மோபார் பெயரில் விற்றது. பிறகு சிறிய சுத்தியலால் ஷாஃப்டின் முனைகளை மாற்றி மாற்றி, நீளவாக்கில், மெதுவாகத் தட்ட வேண்டும். இம்மியளவு அசைந்தாலும் போதும். மறுபடி திரவம், மறுபடி தட்டு. ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்துவிடும். விடுபட்ட ஷாஃப்டுக்கு சாதாரண ஆயில் போடக் கூடாது. அது எரிந்து கரியாகி மீண்டும் இறுக்கும். கிராஃபைட் கலந்த, சூடு தாங்கும் மசகே சரி.

இதற்கும் மசியவில்லையென்றால் மேனிஃபோல்டைக் கழற்றி, டார்ச்சால் சூடாக்கி ஷாஃப்டை எடுத்து, புதிய ஷாஃப்ட், புஷ், ஸ்பிரிங் போட வேண்டும். திருப்பி மாட்டும்போதுதான் கவனம் தேவை. ஸ்லான்ட் சிக்ஸில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் இணைக்கும் போல்டுகளை முதலில் தளர்வாக விட்டு, இரண்டையும் சேர்த்து சிலிண்டர் ஹெட்டில் பொருத்திய பிறகே இறுக்க வேண்டும். ஹெட்டில் பிடிக்கும் நட்டுகளுக்கு 10 அடி-பவுண்டு முறுக்கம் போதும். சூட்டில் மேனிஃபோல்டு விரிந்து சுருங்க இடம் வேண்டும். பலத்தைக் காட்டினால் விரிசல் விழும்.

வால்வைத் திறந்தபடி கம்பியால் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. கோடையில் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு அது தற்காலிகமாக உதவும். குளிர்நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் காருக்கு அது தீர்வே அல்ல.

பெட்ரோலை சிலிண்டரின் இன்டேக் வால்வுக்கு அருகே தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பரவியதும் இந்தப் பாகத்துக்குத் தேவையில்லாமல் போனது. பழைய கார் வைத்திருப்பவர்கள், ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த எடையை ஒருதரம் கையால் திருப்பிப் பார்த்து, இரண்டு சொட்டு கிராஃபைட் மசகு விட்டு வைக்கட்டும். மேனிஃபோல்டைக் கழற்றும் பெரிய வேலையைத் தவிர்க்க அதுதான் மலிவான வழி.